ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றிய எட்டு நாள்

எங்கள் கம்பம் ஊரில் திராட்சை பழுக்கிற காலமும் வண்டிகள் கொதிக்கிற காலமும் ஒன்றாகத்தான் வரும். அப்படி ஒரு சித்திரை மாதத்தில், மலை உச்சியில் இருக்கும் மெட்டுக்கு ஏறுகிற சாலை ஆரம்பிக்கும் இடத்தில், காஜா மைதீன் என்ற வண்டி எலெக்ட்ரீஷியனின் கடை வாசலில், பவுன்ராஜ் என்ற டிரைவரின் வெள்ளை வேன் மூஞ்சியைத் திறந்து போட்டுக்கொண்டு எட்டு நாள் நின்றது, அந்த எட்டு நாளும் எங்கள் ஊரில் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடிந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

முதலில் வண்டி ஏன் நின்றது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு பவுன்ராஜ் மெட்டுக்குப் போனான். மேலே அவன் மாமியார் வீடு இருப்பதால் அவன் மனைவி முத்துப்பேச்சியும் முன் சீட்டில் கூடப் போனாள். ஆறாவது கொண்டை ஊசி வளைவில் அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ஏங்க, ஃபேன் சத்தத்தையே காணோமே?" என்றாள். ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு ஃபேன் இருக்கிறது, எஞ்சின் தண்ணீர் சூடானால் அது தானாக உர்ரென்று சுற்றும், மலை ஏறும்போது அது சுற்றாவிட்டால் வண்டி கொதித்துவிடும் என்பது பவுன்ராஜுக்குத் தெரியாததல்ல, இருபது வருஷம் வண்டி ஓட்டியவன், ஆனால் பின்னால் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கும்போது பொண்டாட்டி சொல்லி டிரைவர் வண்டியை நிறுத்துவதா என்று அவனுக்குள் ஏதோ ஒன்று எகிறி, "வண்டி ஓட்டுறது நீயா நானா? வாய மூடிக்கிட்டு வா, இல்லேன்னா உங்கம்மா வீட்டுலயே கெட" என்று சொல்லிவிட்டான். எட்டுப் பேரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஒன்பதாவது வளைவில் சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தாண்டி, முன்னால் ஆவி கிளம்பி, வண்டி நின்றது. முத்துப்பேச்சி இறங்கினாள், ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப்பைக் கை காட்டி நிறுத்தினாள், ஏறிப் போய்விட்டாள். 'நான் சொன்னேன்ல' என்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வண்டியைக் கயிறு கட்டி இறக்கிக் காஜா பாயிடம் கொண்டுவந்தார்கள். காஜா பாய் இரண்டு வயர் தொங்கும் ஒரு சின்ன பல்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒழுங்கு முறைப்படி பார்க்கிறவர். ஃபியூஸைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்தார், நன்றாக இருந்தது. ஹாரனுக்குக் கரண்ட் விடுகிற ரிலேயைக் கழற்றி ஃபேன் ரிலே இருந்த இடத்தில் மாட்டினார், ஃபேன் சுற்றவில்லை, ஹாரன்தான் ஊமையாகியது, மறுபடி மாற்றினார். சூட்டை உணர்கிற சுவிட்சின் பிளக்கை உருவி இரண்டு முனையையும் ஒரு கம்பியால் சேர்த்தார், அப்போதும் ஒன்றுமில்லை. கடைசியில் பேட்டரியிலிருந்து நேராக மோட்டாருக்கே வயர் கொடுத்தார், சுற்றியது. "மோட்டார் உசுரோட இருக்கு மாப்ள, நடுவுல பிளக்குதான் உருகிப் போச்சு" என்று சொல்லி, உருகியதை வெட்டி எறிந்துவிட்டு, போன வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு சீரியல் லைட் போட்டதில் மிஞ்சிய வயரை எடுத்து ஒட்டுப் போட்டார். ஒட்டுப் போட்ட இரண்டு வயரும் சிவப்பு. "எது எதுன்னு தெரியுமா பாய்?" என்று பவுன்ராஜ் கேட்டதற்கு, "வயர்ல ஓடுறது கரண்ட்டு, கலர் இல்ல" என்று பதில் வந்தது.

ஃபேன் சுற்றியது. வண்டிக்கு முன்னால் நின்ற அத்தனை பேர் மூஞ்சியிலும் காற்று அடித்தது. எங்கள் ஊர் வெயிலில் வெந்து கிடந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஃபேன் என்றால் மூஞ்சியில் காற்று அடிக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த அறிவு. கூரையில் தொங்குவதும் அப்படித்தான், மேஜையில் நிற்பதும் அப்படித்தான். ரேடியேட்டர் ஃபேன் மட்டும் முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டிய ஜாதி என்பது ஒருத்தருக்கும் அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. எல்லோரும் சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டு நின்று, "பாய் கை வச்சா சும்மாவா" என்றார்கள். பவுன்ராஜ் சோதித்துப் பார்க்க மலையில் ஏற்றினான், இரண்டாவது வளைவிலேயே கொதித்தது, திரும்பி வந்தான். ஃபேன் சுற்றுகிறது, காற்றும் வருகிறது, வண்டியும் கொதிக்கிறது என்றால் இது என்ன கேடு என்று காஜா பாய் பேட்டரிக்குச் சார்ஜரைப் போட்டு ஃபேனை ஓடவிட்டுவிட்டுத் தாடையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்.

அப்போதுதான் எதிர்க்கடை டீ மாஸ்டர் தங்கமாயன் காற்று வாங்க வந்து வண்டி முன்னால் வாயைப் பிளந்து நின்றார். நின்றவர் திடீரென்று கன்னம் உப்பி விழித்தார். காலையில் டீ குடிக்க வந்த வேலுத்தாயக்காவிடம் "இது இன்னிக்குக் கறந்த பாலுக்கா" என்று சொன்ன வார்த்தை, முழுசாக, கொட்டைப்பாக்கு மாதிரி அவர் வாய்க்குள் திரும்பி வந்து கிடந்தது. அதே நேரத்தில் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த வேலுத்தாயக்கா, கேட்ட கேள்வியையே கேட்காதவள் போல, "ஏப்பா தங்கமாயா, இது எப்பக் கறந்த பாலு?" என்று டம்ளரைத் தூக்கிக் காட்டினாள். தங்கமாயன் வாயில் கிடந்ததை விழுங்கினார், விழுங்கிவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் "முந்தா நாளுக்கா" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். சொன்னவர் வாயில் சொல் திரும்பி வருகிறது, கேட்டவர் காதிலிருந்து அது போய்விடுகிறது, கேட்டவர் எத்தனை மைல் தள்ளி இருந்தாலும் போய்விடுகிறது என்று மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துபோனது.

எங்கள் ஊர் எதற்கும் அதிசயப்பட்டு நேரத்தை வீணாக்குகிற ஊர் அல்ல. சாயங்காலத்துக்குள் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டாயிற்று, ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை, ஆளுக்கு ஒரு வாக்கியம்தான் என்று சட்டமும் போட்டாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு, திரும்ப வேண்டிய வாக்கியத்தை நினைத்து, டாக்டருக்குத் தொண்டை காட்டுவது போல ஆவென்று நிற்க வேண்டும். வந்ததை விழுங்கிவிட்டு அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். மருமகள் வைத்த பாயசத்தைக் குறை சொன்ன மாமியார் வந்து விழுங்கினாள், பையனைப் பார்த்து உருப்படவே மாட்டாய் என்று சொன்ன கணக்கு வாத்தியார் வந்து விழுங்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சாக்கடைத் தண்ணீருக்காகப் பதினேழு வருஷம் சண்டை போட்ட இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் நாள் தவறாமல் வந்து ஒவ்வொரு வாக்கியமாக விழுங்கி, சண்டை பாதிக்கு மேல் குறைந்த பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பேச ஒன்றும் இல்லாமல் வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கவுன்சிலர் ராசாங்கம் மட்டும் சட்டத்தை மீறி, தேர்தலில் சொன்னதில் வாய் கொள்ளும் மட்டும் ஒரே தடவையில் வாங்கிக்கொண்டு, இரண்டு கன்னமும் புடைத்து, பேச முடியாமல் ஆட்டோவில் வீட்டுக்குப் போனார். அவர் என்ன சொன்னார் என்பதே ஊருக்கு மறந்துபோனதால் ஒருத்தரும் போய்க் கேட்கவும் இல்லை.

சில்லறைத் தொந்தரவுகள் இருக்கத்தான் செய்தன. அதிகம் விழுங்கியவர்களுக்கு ஏப்பம் வந்தால் பாதி வார்த்தை வெளியே வந்துவிடும், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திடீரென்று "...கெட்ட நாயே" என்று ஏப்பம் விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டால் மற்றவர்கள் பரவாயில்லை என்று சொல்லப் பழகிக்கொண்டார்கள். ஒரு மாப்பிள்ளைப் பையன் 'பொண்ணு பிடிச்சிருக்கு' என்று சொன்னதைப் பயந்துபோய் வாங்கிக்கொண்டுவிட, மறுநாள் இரண்டு குடும்பமும் மண்டபத்துக்கு வந்து, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் முழித்து, சமையல் முடிந்துவிட்டபடியால் உட்கார்ந்து சாப்பிட்டு, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேல், திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் ஜனங்களுக்கு வாய் கூடிப்போயிற்று. காலையில் வைவது, மத்தியானம் வரிசையில் நிற்பது என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. வைகிறபோதே "இருடி, அப்பறம் எடுத்துக்குறேன்" என்று சொல்லிவிட்டு வைதார்கள்.

பவுன்ராஜ் முதல் நாளே நின்றான், அவன் வண்டிதானே. கண்ணை மூடி ஆவென்றதும் 'வாய மூடிக்கிட்டு வா, இல்லேன்னா உங்கம்மா வீட்டுலயே கெட' என்பது வந்து நாக்கின் மேல் விழுந்தது. தீய்ந்துபோன கிளட்சின் வாடை அடித்தது. மற்றவர்களைப் போல விழுங்கப் பார்த்தான், தொண்டையில் இறங்க மறுத்தது. சரி, கிடக்கட்டும் என்று கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போன் போட்டான்.

"என்னங்க, சாப்பிட்டீங்களா?" என்றாள் முத்துப்பேச்சி. இத்தனை வருஷத்தில் போனில் அவள் இவ்வளவு இதமாகப் பேசி அவன் கேட்டதில்லை.

"சாப்பிட்டேன். நீ எப்ப வர்ற?"

"எதுக்கு?"

"எதுக்கா? நம்ம வீட்டுக்குத்தான்."

"நான் எதுக்கு இங்க வந்தேன்னே ஞாபகம் இல்லீங்க. ஆனா வந்தது நல்லாத்தான் இருக்கு. காத்து குளுகுளுன்னு அடிக்குது. அம்மாகூட ஏலக்காய் பொறுக்கப் போறேன். கோவிச்சுக்கிட்டா வந்தேன், ஓடி வர்றதுக்கு? சும்மாதான வந்திருக்கேன். இருந்துட்டு மெதுவா வர்றேன்."

பவுன்ராஜுக்கு அப்போதுதான் விளங்கியது. முத்துப்பேச்சி கோபித்துக்கொண்டு போனால் மூன்றாவது நாள் திரும்பி வந்துவிடுவாள், விட்ட இடத்திலிருந்து சண்டையை முடிக்க வேண்டுமே. இப்போது முடிக்க ஒரு சண்டையே இல்லை, மன்னிப்புக் கேட்கலாமென்றால் எதற்கு என்று கேட்பாள். மூன்று நாள் ஆயிற்று, ஐந்து நாள் ஆயிற்று, அவள் வரவில்லை. ஒவ்வொரு நாளும் போனில் இன்னும் இதமாக, தூரத்துச் சொந்தக்காரர்களிடம் பேசுவது போலப் பேசினாள். ஆறாவது நாள் அவன் தாங்க மாட்டாமல், கடைவாயில் இருந்ததைத் தொடாமல் அதைப் போலவே ஒன்றைப் புதிதாகச் சொல்லி அவளை உசுப்பிவிடலாம் என்று, "நீ உங்கம்மா வீட்டுலயே கெட!" என்று கத்தினான். "அதத்தாங்க செஞ்சிக்கிட்டிருக்கேன்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்றைக்கு அவன் அழுதான். சும்மா சொல்லவில்லை, பந்தலுக்குப் பின்னால் டயர் அடுக்கிய இடத்தில் உட்கார்ந்து அழுததை நானே பார்த்தேன்.

நேரில் போய் நடந்ததைச் சொன்னால்தான் ஆகும் என்று முடிவு செய்தான். பஸ்ஸில் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். முத்துப்பேச்சிக்குப் பஸ்ஸில் ஏறினால் குமட்டும், அவள் இறங்கி வருவதென்றால் வேனில்தான் வருவாள். தவிர, வண்டிக்காரன் பொண்டாட்டியைக் கூப்பிட பஸ் ஏறி வந்தான் என்று மாமியார் வீட்டில் மூன்று தலைமுறைக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆகவே வண்டி மலை ஏற வேண்டும், ஏற வேண்டுமென்றால் கொதிக்கக் கூடாது. இந்த எட்டு நாளில் காஜா பாய் ரேடியேட்டர் மூடியை மாற்றியிருந்தார், தண்ணீருக்கு வழிவிடுகிற தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்திருந்தார், தண்ணீரை மூன்று தடவை மாற்றியிருந்தார், ஃபேன் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை, அதுதான் ஜம்மென்று சுற்றுகிறதே.

எட்டாவது நாள் வரிசையில் நின்ற ஒருத்தர் கையிலிருந்த பழைய நியூஸ் பேப்பர் தாள் ஒன்று நழுவி வண்டியின் முன் கிரில்லுக்கு நேராகப் போய், அங்கே ஒட்டாமல் விசிறியடித்துக்கொண்டு திரும்பி வந்து பவுன்ராஜின் நெஞ்சில் அப்பியது. அவன் தாளைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். மறுபடி தாளைக் கிரில்லில் வைத்தான், மறுபடி அது பறந்தது. கடைவாயில் சொல் இருந்ததால் கொழகொழவென்று கேட்டான்.

"பாய். இது உள்ள இழுக்கணும்ல?"

காஜா பாய் வாயைத் திறப்பதற்குள் வரிசை பதில் சொன்னது. "வண்டியில கை வைக்காத பவுனு, இன்னும் நாப்பது பேர் நிக்கோம்" என்றார் தங்கமாயன். கன்னம் கொஞ்சம் வற்றியிருந்த ராசாங்கம், பாக்கி இருந்த ஒரு பால வாக்குறுதியையும் வாங்கிக்கொண்டு போக வந்தவர், இந்த வேனை ஊர்ப் பொதுவாக்கி ஒரு ஷெட் கட்ட வேண்டும் என்று ஆரம்பித்தார், சட்டென்று நிறுத்தினார், அதையும் வாங்கிக்கொள்ள நேரிடுமே.

"எனக்கு என் பொண்டாட்டி வேணும்" என்றான் பவுன்ராஜ்.

"அப்ப கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொன்னியே, அதையும் திருப்பி வாங்கிக்கப்பா, தொந்தரவே இல்ல" என்றார் வரிசையில் நின்ற ஒருத்தர். எல்லோரும் சிரித்தார்கள். பவுன்ராஜ் சிரிக்கவில்லை, காஜா பாய் பக்கம் திரும்பினான்.

"பாய், ஊரு என்னமும் சொல்லட்டும். நீங்க எலெக்ட்ரீஷியன். ஒன்னே ஒன்னு கேக்குறேன். வண்டி சரியா இருக்கா?"

காஜா பாய் முப்பது வருஷத்தில் பொய்யே சொல்லாதவர் என்று நான் சொல்ல மாட்டேன், சாயங்காலம் தருகிறேன் என்று சொன்ன எந்த வண்டியை அவர் சாயங்காலம் தந்திருக்கிறார்? ஆனால் சரியில்லாத வண்டியைச் சரி என்று சொல்லி அனுப்பியதில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, குனிந்து, தான் போட்ட ஒட்டை ரொம்ப நேரம் பார்த்தார். "ரெண்டும் சிகப்பு மாப்ள" என்றார் கடைசியில். "நான்தான் மாத்திக் குடுத்துட்டேன், அதான் எதிர்ப்பக்கம் சுத்துது." எட்டு நாளாக அவரைச் சாமியார் அளவுக்கு ஏற்றி வைத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அதைச் சொன்னார், சொன்னதை வாங்கிக்கொள்ள வண்டி முன்னால் போய் நிற்கவும் இல்லை. தங்கமாயன் தடுக்க ஓடி வருவதற்குள் டேப்பைப் பிரித்து, இரண்டு வயரையும் இடம் மாற்றி முறுக்கிவிட்டார்.

ஃபேன் ஒரு கணம் நின்று, யோசித்து, நேராகச் சுற்றியது. தாள் போய்க் கிரில்லில் பசை போட்ட மாதிரி ஒட்டியது. தாளோடு நிற்கவில்லை, வண்டி முன்னால் நின்றவர்கள், டீக்கடையில் இருந்தவர்கள், பந்தல் நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், இத்தனை பேர் வயிற்றுக்குள் எட்டு நாளாகக் கிடந்ததெல்லாம் ஒரே இழுப்பில் வெளியே வந்தது. ராசாங்கம் வாயிலிருந்து பஸ் ஸ்டாண்டும் குடிநீர்த் தொட்டியும் மூன்று பாலமும் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தன, உடனே நாற்பது பேருக்கு ஞாபகம் வந்து அவர் சட்டையைப் பிடித்தார்கள், கணக்கு வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டு பள்ளிக்கூடம் பக்கம் ஓடினார், அந்தப் பையனுக்கு நல்லதாக ஒரு சொல் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் அப்பாடா என்று பதினேழு வருஷச் சாக்கடையை நின்ற இடத்திலேயே மறுபடி ஆரம்பித்தார்கள், மாப்பிள்ளைப் பையன் மட்டும் "பொண்ணு பிடிச்சிருக்கு!" என்று நடுத்தெருவில் கத்திவிட்டு, கத்தியது தனக்கே பிடித்துப்போய், இன்னொரு தடவை கத்தினான்.

பவுன்ராஜ் இரண்டு கையாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டான். கடைவாயில் இருந்தது வெளியே வரத் துடித்தது. அதை இங்கே உதிர விட்டால் மலை மேல் அவளுக்குத் தானாக ஞாபகம் வந்துவிடும், தானாக வருவதும் தான் போய்ச் சொல்வதும் ஒன்றல்ல என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. வண்டியில் ஏறி, வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு மலையைக் கையால் காட்டினான். பல்வலியா என்று கேட்டார், தலையை ஆட்டினான். கிராம்பு வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார். பதினெட்டு வளைவும் ஏறினான். முள் பாதியைத் தாண்டவில்லை.

மாமியார் வீட்டுக் களத்தில் பெண்கள் உட்கார்ந்து ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் முத்துப்பேச்சி. "அடடே, வாங்க வாங்க" என்று விருந்தாளியைக் கூப்பிடுவது போல எழுந்தாள், மாமியார் காபிக்குக் குரல் கொடுத்தாள். பவுன்ராஜ் துண்டை அவிழ்த்தான், வாயைத் திறந்தான், எட்டு நாள் ஊறிய அந்தச் சொல் அத்தனை பேர் முன்னாலும் வந்து விழுந்தது.

"வாய மூடிக்கிட்டு வா, இல்லேன்னா உங்கம்மா வீட்டுலயே கெட."

முத்துப்பேச்சியின் முகத்தில் ஆறாவது வளைவு வந்தது, ஒன்பதாவது வளைவு வந்தது, ஜன்னல் பக்கம் திரும்பிய எட்டுத் தலைகளும் வந்தன. கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பவுன்ராஜ் நிறுத்தாமல் சொன்னான்: "நான் அன்னிக்குச் சொன்னது இது. சொல்லிட்டு, சொல்லாத மாதிரி திருப்பி எடுத்துக்கிட்டேன். ஃபேன் ஓடலேன்னு நீ சொன்னதுதான் சரி. எனக்கும் தெரியும். எட்டுப் பேர் இருந்தாங்கன்னு ஒத்துக்கல. தப்பு என் மேலதான் புள்ள."

"அன்னிக்கு எட்டுப் பேர்" என்றாள் அவள். "இங்க எத்தன பேர் இருக்காக?"

பவுன்ராஜ் எண்ணினான். "உங்கம்மாவோட பதினொன்னு."

"பின்னாடி இருக்கவங்களுக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

அவன் சத்தமாகச் சொன்னான். மாமியார் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் மகளின் பையை எடுத்து வந்தாள்.

இறங்கும்போது முத்துப்பேச்சி ஆரம்பித்தாள். முதல் வளைவில் ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. அவன் ஆணவத்தை, அவன் அம்மாவின் நாக்கை, ஜீப்பில் பத்துப் பேர் முன்னால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதை, கல்யாணமான முதல் மாசத்தில் அவன் சொன்ன ஒன்றை, எல்லாவற்றையும் விடாமல் எடுத்து வைதாள். கடைசி வளைவில் மூச்சு வாங்கி, அவன் பக்கம் திரும்பி, "இதுல ஒத்த வார்த்தையக்கூட நான் திருப்பி எடுத்துக்க மாட்டேன், ஆமா" என்றாள்.

"எடுத்துக்காத" என்றான் பவுன்ராஜ்.